அப்பாவைக் கேட்டீர்களா?



இது கொஞ்சம் நீளமான பதிவு. இப்போது நேரமில்லை என்றால் சேமித்து வைத்துக்கொண்டு இரவு சாப்பிட்ட பிறகு படியுங்கள். ஆனால் ஐப்பசி மழை பிடித்துக்கொள்வதற்குள் படித்துவிடுங்கள்.

ஒவ்வொரு வருடமும் இந்த நாட்களில் எனக்கு ஒரே மாதிரியான செய்திகள் வரும். பெங்களூரிலிருந்து, துபாயிலிருந்து, அமெரிக்காவிலிருந்து. "டீச்சர், ரெட் அலர்ட்னு போடறாங்க. அப்பாவும் அம்மாவும் முடிச்சூர்ல தனியா இருக்காங்க. வீட்டை வித்துட்டு இங்க வந்துடுங்கன்னா கேக்கவே மாட்டேங்கறாங்க. நீங்க சொன்னா கேப்பாங்க, கொஞ்சம் பேசுங்களேன்." இந்தியப் படத்தில் மகாநதியைத் தேடித் திணறிய பிள்ளைகள், இன்று பெற்றவர்களுக்காக இப்படித் தவிப்பதைப் பார்க்க மனசு நிறையத்தான் செய்கிறது. ஆனால் நான் சொல்லும் பதில் பெரும்பாலும் அவர்கள் எதிர்பார்ப்பதாக இருக்காது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதிக்கொண்டிருப்பதைவிட எல்லோருக்கும் பொதுவாக இங்கேயே எழுதிவிடுகிறேன்.

சுருக்கம் இதுதான். வெள்ளத்துக்குப் பிறகு வயதானவர்களின் மனம் உடைவதற்குத் தண்ணீர் பாதிக் காரணம். மீதிப் பாதி, அதற்குப் பிறகு அவர்களுடைய நன்மைக்காகவே, ஆனால் அவர்களை ஒரு வார்த்தை கேட்காமல், நாம் எடுக்கும் முடிவுகள்.

2015-ஐ உங்களில் பலர் டிவியில் பார்த்திருப்பீர்கள். நாங்கள் மொட்டை மாடியிலிருந்து பார்த்தோம். நவம்பர் நடுவிலேயே முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் படகு விட வேண்டியதாயிற்று. தண்ணீர் வடிந்து, வீட்டைக் கழுவி, மெத்தையை வெயிலில் போட்டு, ஒருவழியாக மூச்சு விட்டபோது டிசம்பர் 1 வந்தது. அந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பதிவான மழை 49 செ.மீ. சென்னைக்கு ஒரு வருடம் முழுவதும் பெய்யும் மழையே சராசரியாக 140 செ.மீ. அளவுதான். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே நாளில் கொட்டினால் எந்த ஊர் தாங்கும்?

பிறகு நிவாரணம் வந்தது. குடிசை இழந்தவர்களுக்கு 10,000 ரூபாய், தண்ணீர் புகுந்த மற்ற வீடுகளுக்கு 5,000 ரூபாய் என்று அறிவித்தார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது ரேஷன் கடை மூலம் குடும்பத்துக்கு 6,000 ரூபாய். அரசு கொடுத்ததைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. பிரிட்ஜ், டிவி, மோட்டார், பீரோ, பைக் என்று போனதையெல்லாம் பட்டியல் போட முடிந்தது. எந்தப் பட்டியலிலும் வராமல் போன ஒன்றைப் பற்றித்தான் இங்கே பேசுகிறேன்.

இனி நான் சொல்லும் ஆட்கள் எல்லோரும் நம் பக்கத்து மனிதர்கள்தான். பெயர் சொல்லப் போவதில்லை. அடையாளங்களையும் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன். உங்களில் சிலருக்கு "இது நம்ம அப்பா மாதிரியே இருக்கே" என்று தோன்றினால், தோன்றட்டும்.

ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். பி.எஃப். பணத்தையும் கிராஜுவிட்டியையும் போட்டு அரை கிரவுண்டில் கட்டிய வீடு. செங்கல் சூளைக்குத் தானே போய்ப் பேரம் பேசியவர். எந்தத் தூணுக்கு எத்தனை கம்பி என்று இன்றும் சொல்வார். அந்த வீட்டுக்குள் ஐந்தடித் தண்ணீர் நின்றது. பையன் வந்தான். நல்ல பையன், பெற்றவர்கள் மேல் உயிரையே வைத்திருப்பவன். பத்தே நாளில் ஆள் வைத்து வீட்டைக் காலி செய்தான். நனைந்தவற்றையெல்லாம் குப்பை லாரியில் ஏற்றினான். இருவரையும் ஓ.எம்.ஆரில் பதினோராவது மாடிக்குக் கூட்டிப் போனான். வீட்டை முதலில் வாடகைக்கு விட்டார்கள், பிறகு விற்றார்கள்.

முடிச்சூரில் அவர் விடியற்காலை ஐந்து மணிக்குப் பால் வாங்கப் போவார். டீக்கடையில் பேப்பர். தெருவில் கரண்ட் போனால் இ.பி. ஆபீசுக்குப் போன் போடுவது அவர்தான். பிள்ளையார் கோயில் கணக்கு நோட்டு அவரிடம்தான் இருக்கும். பதினோராவது மாடியில் இவை எதுவும் இல்லை. பால் பாக்கெட் கதவுக் கைப்பிடியில் தொங்கும். லிப்டில் ஏறுகிறவர்கள் போனைப் பார்த்துக்கொண்டே இறங்கிவிடுவார்கள். எட்டு மாதத்தில் பேப்பர் படிப்பதை நிறுத்தினார். பிறகு ஷேவ் செய்துகொள்வதை. பேச்சும் குறைந்துபோனது. "அப்பாவுக்கு வயசாயிடுச்சு டீச்சர்" என்றான் பையன். 2015 நவம்பர் வரை வராத வயது, எட்டே மாதத்தில் எங்கிருந்து வந்தது?

அவரைப் பார்க்கப் போனபோது அவர் சொன்ன ஒரு விஷயத்தை நீங்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். "ஏரிக்குள்ள வீடு கட்டிட்டேன்மா. பசங்களுக்குன்னு சேத்து வெச்சது தண்ணியில போச்சு." மகன், மருமகள், சம்பந்தி என்று யாரோ எப்போதோ விளையாட்டாகச் சொல்லியிருப்பார்கள்: "ஏரிக்குள்ள போய்க் கட்டினீங்களே மாமா!" சொன்னவருக்கு மறந்துபோயிருக்கும். கேட்டவருக்கு அது தீர்ப்பு. வாழ்க்கையில் எடுத்த ஒரே பெரிய முடிவு தப்பு என்று எழுபது வயதில் ஒருவருக்குச் சொல்லிவிட்டால், அதற்குப் பிறகு அவர் எந்த நம்பிக்கையில் வாய் திறப்பார்?

சமூக அறிவியல் டீச்சராக இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். 2015 என்றாலே எல்லோரும் செம்பரம்பாக்கத்தைச் சொல்வார்கள். செம்பரம்பாக்கத்து உபரி நீர் அடையாற்றில் சேருவது திருநீர்மலைப் பக்கம், நமக்குக் கீழே. நம் பக்கம் புகுந்த தண்ணீர் ஆதனூர், மண்ணிவாக்கம் ஏரிகளின் பக்கமிருந்து இறங்கி வந்தது. ஏரிக்கு ஏரி இருந்த வாய்க்கால்கள் சுருங்கிப்போனதும், அடையாறு தன் அகலத்தை இழந்ததும் ஒரு தனி மனிதர் செய்த காரியம் இல்லை. மனை பிரித்தவர்கள், அனுமதி கொடுத்தவர்கள், பார்த்தும் பார்க்காமல் இருந்தவர்கள் என்று ஒரு ஊரே அதில் இருக்கிறது. அங்கீகாரம், பத்திரம், வங்கிக் கடன் எல்லாம் முறையாகப் பார்த்து வாங்கிய ஒரு ரயில்வே ஊழியரை அதற்குக் குற்றவாளி ஆக்காதீர்கள். உங்கள் அப்பா மனதில் இந்தப் பாரம் இருந்தால், இந்தப் பூகோளத்தை அவருக்கு ஒருமுறை எடுத்துச் சொல்லுங்கள். என் அனுபவத்தில் இது பல மாத்திரைகளைவிட நன்றாக வேலை செய்கிறது.

அடுத்தது உடம்பில் தெரியும் அறிகுறிகள். நம் வீட்டுப் பெரியவர்கள் "எனக்கு மனசு சரியில்லை" என்று சொல்ல மாட்டார்கள். அது அவர்களுக்குப் பழக்கமில்லாத வாக்கியம். "வயித்துல கபகபன்னு இருக்கு", "கால் எரியுது", "நெஞ்சு படபடங்குது", "தலை கிர்ருங்குது" என்பார்கள். எங்கள் தெருவில் ஒரு பாட்டிக்கு இசிஜி, ஸ்கேன், தைராய்டு, எண்டாஸ்கோப்பி என்று ஒன்றரை வருடம் ஓடியது. எல்லாம் நார்மல். கடைசியில் ஒரு டாக்டர் வேறு மாதிரிக் கேட்டாராம்: "மழை பெய்யற ராத்திரி தூங்குவீங்களா பாட்டி?" பாட்டி அழுதுவிட்டார். ஐப்பசி பிறந்தால் இரவெல்லாம் மூன்று முறை எழுந்து வாசல் படியில் எத்தனை படி நனைந்திருக்கிறது என்று டார்ச் அடித்துப் பார்ப்பவர் அவர். ரேஷன் கார்டு, பாஸ்புக், தாலிக்கொடி மூன்றையும் ஒரு துணிப்பையில் போட்டுத் தலையணைக்கு அடியில் வைத்துப் படுப்பவர். மருந்து ஆரம்பித்து, வாரம் ஒருமுறை ஒருவர் உட்கார்ந்து பேசி, நாலு மாதத்தில் தேறினார். இப்போதும் டார்ச் அடிக்கிறார். ஒருமுறைதான்.

மன அழுத்தம் முதுமையின் ஒரு பகுதி அல்ல. அது ஒரு நோய், மருந்துக்கும் பேச்சுக்கும் கட்டுப்படுகிற நோய். தூக்கம் கெடுவது, பசி போவது, பிடித்த காரியத்தில் நாட்டம் போவது, "நான் எல்லாருக்கும் பாரம்" என்று திரும்பத் திரும்பச் சொல்வது, இவை இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்தால் டாக்டரிடம் காட்ட வேண்டும். சிலருக்கு இது ஞாபக மறதி போலவே தெரியும். மறதி நோய் என்று முடிவு கட்டி ஓரத்தில் உட்கார வைத்துவிடுவார்கள். மன அழுத்தத்தால் வந்த மறதி என்றால் சிகிச்சையில் பெரும்பாலும் குறையும். அதனால்தான் காட்டாமல் விடக்கூடாது.

இன்னொன்று இதிலிருந்து வேறுபட்டது, அவசரமானது. வெள்ளத்தில் இடம் மாறிய ஒரு நாள் இரண்டு நாளில் பெரியவர் திடீரென்று குழம்பிப் பேசினால், ஆள் தெரியாமல் போனால், இல்லாததைப் பார்ப்பதாகச் சொன்னால், "அதிர்ச்சியில பேசறாங்க" என்று விட்டுவிடாதீர்கள். உடம்பில் சோடியம் குறைந்திருக்கலாம், நீர் வற்றியிருக்கலாம், சிறுநீர்த் தொற்று இருக்கலாம், சர்க்கரை மாத்திரையோ பி.பி. மாத்திரையோ தண்ணீரில் போய் இரண்டு நாள் விட்டுப்போயிருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டும். அதேபோல, தூக்கம் வரவில்லை என்றால் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு நீங்களாகத் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுக்காதீர்கள். ராத்திரி பாத்ரூமுக்கு எழுந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், வெள்ளம் செய்யாததை அந்த மாத்திரை செய்துவிடும்.

சரி, இடம் மாற்றும் விஷயத்துக்கு வருகிறேன். இதில் நம்மைவிட அதிகம் அடிபட்டு அதிகம் கற்றுக்கொண்ட நாடு ஜப்பான்.

1995 ஜனவரி 17. கோபே நகரத்தில் பூகம்பம். 6,400 பேருக்கு மேல் இறந்தார்கள். வீடிழந்தவர்களுக்குத் தற்காலிகக் குடியிருப்புகள் கட்டி, வயதானவர்களுக்கும் ஊனமுற்றவர்களுக்கும் முன்னுரிமை கொடுத்துக் குலுக்கல் முறையில் ஒதுக்கினார்கள். கேட்க எவ்வளவு நியாயமாக இருக்கிறது பாருங்கள்! ஆனால் நாற்பது வருடம் ஒரே தெருவில் வாழ்ந்தவர்கள் ஆளுக்கொரு மூலைக்குப் போனார்கள். பக்கத்து வீட்டில் யார் என்று தெரியாது. அந்தக் குடியிருப்புகளில் 200 பேருக்கு மேல் யாருக்கும் தெரியாமல் தனியாக இறந்துகிடந்தார்கள். தலைக்கு மேல் கூரை இருந்தது, நேரத்துக்குச் சாப்பாடும் கிடைத்தது. கதவைத் தட்டி "என்ன, இன்னிக்கு ஆளையே காணோம்?" என்று கேட்க ஆள் இல்லை.

2011 மார்ச் 11-இல் பூகம்பமும் சுனாமியும் வந்தன. செண்டாய் நகருக்குத் தெற்கே இவானுமா என்று ஒரு ஊர். அங்கே 65 வயதுக்கு மேற்பட்டவர்களைப் பற்றி ஆராய்ச்சியாளர்கள் ஒரு கணக்கெடுப்பை ஏழு மாதம் முன்புதான் முடித்திருந்தார்கள். சுனாமிக்குப் பிறகு அதே ஆட்களிடம் திரும்பப் போனார்கள். பேரிடருக்கு முன்னும் பின்னும் ஒரே மனிதர்களை ஒப்பிடும் வாய்ப்பு உலகத்தில் அபூர்வம். வீட்டை இழந்தவர்களுக்கு நினைவாற்றலும் சிந்திக்கும் திறனும் மற்றவர்களைவிட அதிகம் குறைந்திருந்தன. இன்னொன்றும் தெரிந்தது. குலுக்கலில் தனித்தனியாக இடம் மாறியவர்களுக்கு அக்கம்பக்கத்துப் பழக்கம் குறைந்துபோயிருந்தது. தெருவோடு, கூட்டமாக இடம் மாறியவர்களிடம் அது குறையவில்லை, கூடியே இருந்தது.

அதே 2011 பேரிடரில் தண்ணீரில் அல்லாமல், பிறகு அலைச்சலாலும் நோய் முற்றியும் இறந்தவர்கள் என்று ஜப்பான் அரசு தனியாக ஒரு கணக்கு வைக்கிறது. 3,700 பேருக்கு மேல். அவர்களில் பத்தில் ஒன்பது பேர் 66 வயதைத் தாண்டியவர்கள். நம் நாட்டில் அப்படி ஒரு கணக்கு எடுப்பதில்லை. எடுத்தால் நம் முடிச்சூர் ரோட்டிலிருந்தும் சில பெயர்கள் அதில் வரும் என்றே நினைக்கிறேன்.

இந்த இடத்தில் என் மாணவர்கள் சிலர் சண்டைக்கு வருவார்கள் என்று தெரியும். "அப்ப தண்ணி வந்தாலும் அங்கேயே இருக்கச் சொல்றீங்களா டீச்சர்?" இல்லை. தண்ணீர் வரும் என்று எச்சரிக்கை வந்தால் பெரியவர்கள் முதலில் கிளம்ப வேண்டும். அதில் விவாதமே கிடையாது. "எதுக்கு, 85-ஐப் பார்த்தவன் நான், 2005-ஐயும் பார்த்தவன்" என்று வீரம் பேசும் அப்பாவைக் கையைப் பிடித்துக் கூட்டிப் போங்கள். நான்கு நாள் பாதுகாப்பாகத் தங்குவது ஒரு விஷயம். இருபத்தைந்து வருட வாழ்க்கையை மூட்டை கட்டுவது வேறு விஷயம். முதலாவதை மழை தீர்மானிக்கிறது. இரண்டாவதை அவர்கள்தான் தீர்மானிக்க வேண்டும். மழையின் பெயரைச் சொல்லி இரண்டாவதையும் சேர்த்து முடித்துவிடாதீர்கள். அவசரமாக எடுக்கிற முடிவு வீட்டை விற்கும் முடிவாக இருந்தால், அதைத் திருப்ப முடியாது.

சிலருக்குப் போய்விடுவதே நல்லது. படுக்கையில் இருப்பவர், டயாலிசிஸ் போகிறவர், துணையை இழந்து மழைச் சத்தம் கேட்டாலே நடுங்குகிறவர், "என்னைக் கூட்டிட்டுப் போயிடுடா" என்று தானே கேட்கிறவர். அவர்களைக் கூட்டிப் போங்கள். ஆனால் அது அவர்கள் வாயிலிருந்து வந்த முடிவாக இருக்கட்டும்.

எங்கள் தெருவிலேயே அந்த ரயில்வேக்காரர் வீட்டுக்கு நேர்மாறான ஒரு வீடும் இருக்கிறது. கணவரை இழந்த ஒரு அம்மா. அதே தண்ணீர்தான், அதே ஐந்தடி. மகள் வந்தாள். வீட்டைக் கழுவிய பிறகு தரையில் உட்கார்ந்து, "இப்ப என்னம்மா பண்ணலாம்?" என்று கேட்டாள். அம்மா மூன்று நாள் யோசித்தார். பிறகு சொன்னார்: "ஐப்பசி, கார்த்திகை, மார்கழி உங்கிட்ட இருக்கேன். தை பிறந்தா என் வீட்டுக்கு வந்துடுவேன்." அப்படியே நடக்கிறது. மாடியில் ஒரு ரூமும் அடுப்பும் போட்டுக்கொண்டார்கள். பத்திரங்கள் மகள் வீட்டில். சாவி ஒன்று எதிர் வீட்டில். 2021-இல் நம் பக்கம் மறுபடி தண்ணீர் புகுந்தபோதும், 2023 மிக்ஜாமிலும் அவர் மகள் வீட்டில் பத்திரமாக இருந்தார். பொங்கலுக்கு வந்து கோலம் போட்டார். வயது 80 ஆகிறது. ரேஷன் கடையில் எடை குறைந்தால் இன்றும் அவர்தான் எங்கள் தெருவுக்கே குரல் கொடுக்கிறார்.

இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் நல்ல பிள்ளைகள். இரண்டு பேருக்கும் பாசத்தில் குறைச்சல் இல்லை. ஒரு கேள்விதான் வித்தியாசம்.

இதையெல்லாம் படித்துவிட்டு வயதானவர்கள் என்றாலே கண்ணாடிப் பாத்திரம் என்று நினைத்துவிடாதீர்கள். பல பேரிடர்களில் நடுவயதுக்காரர்களைவிடப் பெரியவர்கள் நன்றாகத் தாக்குப்பிடித்ததாகவும் ஆய்வுகள் உண்டு. நிறையப் பார்த்தவர்கள் அல்லவா! 2015-இல் எங்கள் மாடியில் மூன்று குடும்பம் இருந்தது. கையில் இருந்த அரிசியை எத்தனை வேளைக்கு எப்படிப் பங்கு போடுவது என்று கணக்குப் போட்டது 74 வயதுப் பெரியம்மா ஒருவர்தான். அவருக்கு அன்று ஒரு வேலை இருந்தது. வெள்ளம் வடிந்த பிறகும் பெரியவர்களுக்கு ஒரு வேலை கொடுங்கள். கொத்தனாரிடம் பேசுவது, எது தேறும் எது தேறாது என்று பிரிப்பது, நிவாரண விண்ணப்பம் எழுதுவது. "நீங்க உக்காருங்கப்பா, நாங்க பாத்துக்கறோம்" என்று சொல்லிச் சொல்லியே ஒரு மனிதரை உட்கார்த்திவிட முடியும்.

நனைந்த பொருட்களைப் பற்றி ஒரு வார்த்தை. அவர்களைக் கேட்காமல் எதையும் குப்பையில் போடாதீர்கள். நனைந்த போட்டோக்களைக்கூடக் காப்பாற்றலாம். ஒட்டிக் காய்வதற்குள் மெதுவாகப் பிரித்து, சுத்தமான தண்ணீரில் அலசி, படப் பக்கம் மேலே இருக்கும்படி நிழலில் காய வைக்க வேண்டும். உடனே முடியாது என்றால் பாலிதீன் பையில் போட்டுப் பக்கத்து ஊரில் யார் வீட்டு ஃப்ரீசரிலாவது வைத்துவிட்டு, பிறகு நிதானமாகச் செய்யலாம். கல்யாண போட்டோ ஒன்று பிழைத்துவிட்டால் அம்மாவுக்கு அது எத்தனை பெரிய விஷயம் என்று உங்களுக்கே தெரியும்.

பேச்சு விஷயத்திலும் ஒரு நிதானம் வேண்டும். "என்ன நடந்தது, சொல்லுங்க" என்று தோண்டவும் வேண்டாம். அவர்களாகச் சொல்ல ஆரம்பித்தால் "அதையே ஏன் பேசறீங்க, விடுங்க" என்று மூடவும் வேண்டாம். ஒரே கதையைப் பத்தாவது தடவை சொன்னாலும் கேளுங்கள். காது கேட்காதவர் என்றால் முகத்துக்கு நேரே உட்கார்ந்து பேசுங்கள். வெள்ளத்தில் காதுக்கருவியும் மூக்குக்கண்ணாடியும் போயிருந்தால், பிரிட்ஜ் வாங்குவதற்கு முன்னால் அவற்றை வாங்குங்கள். பழைய வெள்ள வீடியோக்களை "இப்போ தாம்பரத்தில்" என்று போட்டு வருஷா வருஷம் ஃபார்வேர்டு செய்கிறார்களே, அவற்றைக் குடும்பக் குழுவில் போடாதீர்கள். உங்களுக்கு அது ஒரு வீடியோ. அவர்களுக்கு அன்று ராத்திரித் தூக்கம் போச்சு.

உதவிக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். மனநலத்துக்கென்று மத்திய அரசு நடத்தும் டெலி மானஸ் எண் 14416. தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது. முதியோர் உதவி எண் 14567. தமிழக அரசின் மருத்துவ ஆலோசனை எண் 104. செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. கிண்டியில் 2024-இல் முதியோருக்கென்றே தேசிய மருத்துவமனை திறந்திருக்கிறார்கள். நம்மில் பலருக்குக் கீழ்ப்பாக்கம் என்ற பெயர் கேட்டாலே ஒரு கூச்சம். ஊர்ப் பெயரையே கேலிப் பேச்சாக்கி வைத்தவர்கள் நாம். சர்க்கரைக்கு டாக்டரைப் பார்ப்பது போலத்தான் இதுவும் என்று நீங்கள் சாதாரணமாகச் சொன்னால், அப்பாவும் சாதாரணமாக வருவார். "செத்துப்போனா தேவலை" என்ற பேச்சு அடிக்கடி வந்தாலோ, மாத்திரைகளைச் சேர்த்து வைப்பது போலத் தெரிந்தாலோ, தனியாக விடாதீர்கள். அன்றைக்கே பேசுங்கள், அன்றைக்கே கூட்டிப் போங்கள்.

அரசுக்கும் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். நம் மாணவர்களில் அதிகாரிகளும் கவுன்சிலர்களும் டாக்டர்களும் இருக்கிறீர்கள், காதில் போட்டுக்கொள்ளுங்கள். வெள்ளம் வடிந்ததும் நடக்கும் மருத்துவ முகாம்களில் காய்ச்சல், சேற்றுப்புண், வயிற்றுப்போக்கு பார்க்கிறார்கள். நல்லது. ஆனால் மனக்காயம் அந்த வாரத்தில் தெரியாது. மூன்று மாதம், ஆறு மாதம் கழித்துத்தான் தெரியும். அப்போது முகாம் இருக்காது. 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பி.பி., சர்க்கரைக்கு வீடு தேடி மாத்திரை வருகிறது. கொண்டு வரும் பெண்களுக்கு எந்த வீட்டில் எந்தப் பெரியவர் என்று தெரியும். பங்குனி, சித்திரையில் மாத்திரை கொடுக்கும்போது இரண்டே கேள்விகள் சேர்த்துக் கேட்கட்டும்: "ராத்திரி தூங்கறீங்களா? முன்னே மாதிரி எதுலயாவது மனசு போகுதா?" இல்லை என்று சொல்கிறவர்களின் பெயரை மாவட்ட மனநலத் திட்டத்து டாக்டருக்கு அனுப்பட்டும். 2004 சுனாமிக்குப் பிறகு நிம்ஹான்ஸ் நிறுவனம் நம் கடற்கரை ஊர்களில் உள்ளூர் ஆட்களுக்கே பயிற்சி கொடுத்து மக்களிடம் பேச வைத்தது. புதிதாகக் கண்டுபிடிக்க ஒன்றுமில்லை. தொடர்ந்து செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

எனக்கும் 69 ஆகிறது. நானும் இந்த வரிசையில் நிற்கிறவள்தான். என் பிள்ளைகளும் கேட்கிறார்கள். நானும் என் வீட்டுக்காரரும் உட்கார்ந்து பேசி ஒரு தாளில் எழுதிப் பீரோக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறோம். எந்த எச்சரிக்கை வந்தால் கிளம்புவது, யார் வீட்டுக்குப் போவது, எந்தப் பையை எடுப்பது, என்னென்ன மாத்திரை, சாவி யாரிடம். கடைசி வரி: வீட்டைப் பற்றிய முடிவு மழை நின்று மூன்று மாதம் கழித்து, எங்களை வைத்துக்கொண்டு. அதைப் போட்டோ எடுத்துப் பிள்ளைகளுக்கும் அனுப்பியாயிற்று. பெரியவன் முதலில் முறைத்துக்கொண்டான். பிறகு, "சரிம்மா, பையில பவர் பேங்க் சேத்துக்கோ" என்றான்.

இந்த ஞாயிற்றுக்கிழமை வழக்கமாகப் பேசும்போது "சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா" என்பதோடு வைத்துவிடாமல் இதையும் கேளுங்கள்: "இந்த மழைக்கு என்ன பண்ணலாம்னு நினைக்கறீங்கப்பா?" கேட்டுவிட்டு, பதில் வரும்வரை பேசாமல் இருங்கள். வகுப்பில் கேள்வி கேட்டுவிட்டு நான் காத்திருப்பேனே, அந்த மாதிரி. சில பேருக்குப் பதில் சொல்லக் கொஞ்சம் நேரம் ஆகும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
மேற்குத் தாம்பரம்